மச்சினன் பிடித்த வயர்

மத்தியான வெயிலில் தெரேஸ்புரத்துச் சந்து ஆளரவமில்லாமல் கிடந்தது. தோள்பையோடு வந்த டேவிட்சனை அக்கா ஸ்டெபி வாசலிலேயே மடக்கினாள்.

“ஏலே, சாயங்காலம் செபத்துக்கு ஆளுவ வந்துருவாவ. அதுக்குள்ள டிஸ்கு ஓடணும்.”

“ஓட வச்சிருதேன்க்கா. புளூ-ரே டிரைவே வாங்கிட்டு வந்துட்டேன்லா.”

“நீ வாங்குவ. போன தடவ பிரிண்டர் வாங்குன. அது இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு.”

அத்தான் தேவபிரசாதம் சங்கு குளிக்கப் போய் மூழ்கி ஒரு வருடம் ஆகிவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் சிரிப்பதையும் பேசுவதையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. அதற்கு மிச்சமிருந்தது அந்தக் கல்யாண டிஸ்க் மட்டும்.

அந்தக் கடற்கரையில் சங்கெடுக்கும் குளியாளி கடலுக்குள் இறங்கினால், மேலே படகில் கம்ப்ரசரிலிருந்து போகும் காற்றுக் குழாயைப் பிடிப்பது மனைவியின் தம்பிதான். அக்கா தாலி அவன் கையில் இருப்பதால் உயிர் போனாலும் விடமாட்டான் என்று நம்பிக்கை. டேவிட்சனுக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி. அத்தான் மூழ்கிய அன்று குழாயைப் பிடித்தவன் வேறு ஆள். ஸ்டெபி அதைப் பற்றி இதுவரை வாயே திறந்ததில்லை.

கம்ப்யூட்டர் இருந்த பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உப்புக்காற்று வராமலிருக்க ஜன்னலை எப்போதோ ஆணியடித்து மூடியிருந்தார்கள். டிரைவை வயரால் கம்ப்யூட்டரில் மாட்டி, கல்யாண டிஸ்க்கைப் போட்டான். டிஸ்க்கை ஓட்டும் பிளேயர் மென்பொருள் மூன்றை நிறுவிப் பார்த்து, மார்க் போட்டு, நல்லதை மட்டும் வைத்துக்கொள்வதாகத் திட்டம்.

முதலாவது இலவசம். மெனு வரவில்லை. கறுப்புத் திரையில் சத்தம் மட்டும் வந்தது. கோயில் பாட்டு இல்லை. குமிழிகள். யாரோ குழாய் வழியாக மூச்சு இழுக்கும் சத்தம்.

“ஆடியோ டிராக் தப்பு. பத்துக்கு மூணு,” என்று சொல்லிக்கொண்டே அதை அழித்தான்.

இரண்டாவதில் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. பீடத்தின் முன்னால் ஸ்டெபி நின்றாள். பக்கத்தில் ஆள் இல்லை. இல்லாத ஒரு கையை அவள் பிடித்திருந்தாள். விரிப்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

அவன் மார்க் போடவில்லை.

மூன்றாவது பிளேயரை நிறுவிய வேகத்தில் படம் தானாகவே ஓடியது. இப்போது மாப்பிள்ளை இருந்தார், முதுகைக் காட்டியபடி. கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூடிய அறைக்குள் படகுக் கம்ப்ரசரின் டீசலும் அழுகிய சங்குக் கறியும் நாறின.

அவர் திரும்பினார்.

“மச்சினா, புடிச்சிருக்கியா?”

டேவிட்சன் பிளேயரை மூட முயன்றான். மூடவில்லை. டிஸ்க்கை வெளியே எடுக்கப் பார்த்தான். வரவில்லை. டிரைவின் வயரைப் பிடுங்கக் கை வைத்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து வயர் ஒருமுறை இழுபட்டது.

கையை உதறினான். குமிழிச் சத்தம் நின்றது. திரையில் அத்தானின் வாய் பிளந்தது, கழுத்து நரம்புகள் புடைத்தன. பதறிப்போய் மறுபடி பிடித்தான். குமிழிகள் வந்தன. முகம் தணிந்தது.

விட்டால் அவர் சாகிறார்.

விடாமலே கால் எட்டிய மட்டும் கதவை உதைத்தான்.

“அக்கா! கதவத் தொற!”

“அவுக சத்தம் கேக்குதுலே.” கதவுக்கு மிக அருகில், ரகசியம் போல.

“தொறக்கா, என்னால முடியல!”

“தொறக்க மாட்டேன். தொறந்தா விட்டுட்டு ஓடிருவ.”

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு வருடமாகச் சொல்லாததை அவள் இப்போதுதான் சொன்னாள்.

“இந்தத் தடவையாச்சும் நீ புடிலே, டேவிட்சா.”

வயர் விடாமல் வெட்டி வெட்டி இழுத்தது. கடலுக்குள்ளிருந்து அப்படி இழுப்பு வந்தால், மேலே தூக்கு என்று அர்த்தம். படகேறாத அவனுக்கும் அது தெரியும். அழுதுகொண்டே இழுத்தான். முழ நீள வயர் முடியவே இல்லை. ஈரமாக, பாசி வழுக்க, கை கையாய் வந்து மடியில் குவிந்தது. சாயங்காலமாகி, முன்னறையில் ஆட்கள் வந்து செபமாலை தொடங்கியது கேட்டது. கத்தினான். அவர்கள் சத்தத்தில் அவன் சத்தம் அமுங்கியது.

திடீரென்று வயர் தளர்ந்தது.

திரையில் ஸ்டெபி மட்டும் நின்றாள்.

கதவுக்கு வெளியே அக்காவின் குரல், கூச்சத்தோடு.

“வந்துட்டீயளா?”

தம்பியை அவள் ஒருநாளும் அப்படி மரியாதையாகக் கேட்டதில்லை.

பதில் டேவிட்சனின் பிடரிக்குப் பக்கத்திலிருந்து வந்தது.