கழுவிய கைகள்

மூன்றாம் இன்குபேட்டரின் மானிட்டர் திடீரென்று அலறியது.

நர்ஸ் எழுந்த வேகத்தில் முழங்கால் மேஜையில் இடித்தது. பயப்பட ஒன்றுமில்லை. பாப்பாவின் பாதத்தில் சுற்றியிருந்த சென்சார் பட்டை கழன்று கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். லேசான வழவழப்பு. வியர்வையாக இருக்கும் என்று பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். குறைமாதக் குழந்தைக்கு இப்படி வியர்க்காது என்று அவளுக்குத் தெரியும். யோசிக்கத்தான் தெம்பில்லை.

மணி பகல் மூன்று. நேற்று இரவு வர வேண்டியவள் லீவு போட்டதால் அவள் வேலையும் சேர்ந்து, இருபது மணி நேரமாக இதே அறை, ஏசியின் இரைச்சல், குழாயடியில் கழுவிக் கழுவி வெடித்துப்போன இதே கைகள். முதல் இன்குபேட்டர் காலி. போன வாரம் அதிலிருந்ததை வெள்ளைத் துணியில் சுற்றி இவள்தான் தூக்கிக் கொடுத்தாள். இரண்டாவதில் இருப்பதற்கு நாலு நாளாகக் காய்ச்சல். மூன்று ஆன்டிபயாட்டிக் மாற்றியும் இறங்கவில்லை. காய்ச்சல் தொடாதது மூன்றாம் பாப்பா மட்டும்தான். இதையாவது வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

இன்குபேட்டரை மூடும்போது ஒரு வாடை வந்தது. அவள் வீட்டுக் கோழிப் பண்ணையின் தீவன அறை வாடை. தன் காலரை மோந்து பார்த்துக்கொண்டாள். எப்போதும் நம்ம மேலேயே ஒட்டிக்கிட்டு வந்துடுது.

கதவு திறந்தது. லேப்காரர். கையில் ட்ரே நிறைய வட்டக் கண்ணாடித் தட்டுகள். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க சார். முந்தாநாள் எல்லாரு கையையும் அதுல அமுக்கச் சொன்னீங்களே, ஜோசியம் பாத்தாச்சா? எனக்கு ஃபாரின் யோகம் இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

அதில் ஒரு கை இருந்தது. ஐந்து விரல், உள்ளங்கை, ரேகைகூட. அழுத்திவிட்டுப் போன இடத்திலெல்லாம் சாம்பல் நிறத்தில், ஈரமாக, பொடிப்பொடியாக முளைத்துப் படர்ந்திருந்தது. அடுத்த தட்டிலும் ஒரு கை. அதற்கடுத்ததிலும்.

"எல்லார் கையிலயுமா?" என்றாள் நர்ஸ்.

"எல்லார் கையிலயும். முதல் பாப்பாவோட ரத்தத்துல இருந்த அதே கிருமி. ஆன்டிபயாட்டிக்ல தோய்ச்ச வில்லை எல்லாம் தட்டுல வச்சுப் பாத்துட்டேன், சிஸ்டர். எந்த வில்லைக்கும் விலகல. வில்லை மேலயே ஏறி வளருது."

"கழுவிட்டுத்தானே சார் வச்சோம்?"

"அதான் புரியல. குழாய், சோப்பு, தொட்டி, எல்லாத்துலயும் பாத்துட்டேன். சுத்தம். கழுவினதுக்கு அப்புறம் ஏதோ கைக்கு வருது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரி எதுக்கும் மசியாத ஜாதியை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன். ஒரு கோழிப் பண்ணைத் தண்ணியில."

அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அக்காவும் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

நர்ஸ் தன் காலரை மறுபடி மோந்து பார்த்தாள்.

கோழிகளுக்கு நோய் வரும்முன்பே, சீக்கிரம் எடை ஏறட்டும் என்று, தினமும் தண்ணீரில் மருந்துப் பொடி கலப்பார் அவள் புருஷன். சில நாள் அவளே கலப்பாள். அப்படியும் செத்து விழுவதை அவர் வெறுங்கையால் பொறுக்குவார். பொறுக்கிவிட்டு, வெடித்த கைக்குத் தீவன அறை அலமாரியில் இருக்கும் பெரிய டின்னுக்குள் விரலை விட்டுக் களிம்பு எடுப்பார். அந்த டின்னிலிருந்துதான்...

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

குழாய்க்குப் பக்கத்தில், சோப்புக்கு மேலே, சின்ன டப்பா. மூன்று வாரம் முன்னால் அவள்தான் நிரப்பிக் கொண்டுவந்தாள். பாவம், எல்லாருக்கும் கை எரியுதே என்று. அக்கா தடவுவாள். மற்ற நர்ஸுகள் தடவுவார்கள். டாக்டர்கூட. கழுவினதும் ஒரு விரல்.

மூடியைத் திறந்தாள். வழவழவென்று மின்னியது. நடுவில் விரல் தடங்கள். பல அளவில்.

அதே வாடை.

அலாரம்.

மூன்றாம் இன்குபேட்டர்தான். பட்டை மறுபடி வழுக்கிக் கிடந்தது. பாதம் பளபளத்தது. வயிறும். தொடவில்லை. தொட முடியவில்லை. தன் கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏசி இரைந்தது. கண்ணாடிக்குள் குட்டி நெஞ்சு ஏறி இறங்கியது. வேகமாக. இன்னும் வேகமாக.

பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம். பாப்பாவின் அம்மா, பால் கொடுக்கும் நேரத்துக்கு வந்திருந்தாள். கையில் மடித்த ஒரு காகிதப் பொட்டலம்.

"சிஸ்டர், அன்னிக்கு என் கைக்குன்னு கொஞ்சம் களிம்பு குடுத்தீங்களே, அது தீர்ந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் தர்றீங்களா? பாப்பாவுக்குத் தோல் உரியுதுன்னு காலுக்கும், காயட்டுமேன்னு தொப்புளுக்கும், மூணு வேளையும் விடாம நான்தான் தடவி விடுறேன்."