அந்தச் சாவு எனக்கு!

பிணம் குப்புறக் கிடந்தது.

கோட்டில் மூன்று ஓட்டைகள். கன்னத்துக்கடியில் கருப்பாக ஒரு குட்டை...

"கட்!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"எட்டு செகண்ட் எடுத்துக்கிட்டே க்ளெம்!" டைரக்டர் ஆஸ்ட்ராண்டர் கத்தினார். "ஹீரோவோட சிநேகிதன் நாலு செகண்ட்ல செத்துடணும். எத்தனை படத்துல சொல்றது?"

"ஒரு வசனம் பேசிட்டு சாகலாமேன்னு பார்த்தேன் சார்..."

"நீ பேசினா ஜனங்க உன்னைப் பார்ப்பாங்க. அவங்க ரூடியைத்தான் பார்க்கணும்!"

க்ளெம் ஹாரிகன் கன்னத்தில் ஒட்டியிருந்த சாக்லேட் பாகைத் துடைத்தான். கருப்பு வெள்ளைப் படத்துக்கு அதுதான் ரத்தம்.

ஹாலிவுட், 1931. ரவுடிப் படங்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த வருஷம். க்ளெம் நடித்தவை பதினொன்று. பதினொன்றிலும் ஆறாவது ரீலில் ஆள் காலி!

"சாத்திரம்ப்பா, சாத்திரம்!" ஆஸ்ட்ராண்டர் விரல் விட்டார். "முதல் ரீல்ல ஹீரோ கடையை உடைக்கிறான். மூணுல புதுக் கோட்டு. அஞ்சுல மாளிகை, ஒசத்தி பொம்பளை. ஆறுல சிநேகிதன் அவுட். எட்டுல அவனே தெருவுல விழறான், போலீஸ் ஜெயிக்குது. இதுல ஒண்ணு மாறினாலும் தியேட்டர்ல நாற்காலி பறக்கும்!"

"எட்டாவது ரீல்ல ரூடிக்கு எத்தனை செகண்ட் சார்?"

"மூணு நிமிஷம்!"

க்ளெமின் வயிறு எரிந்தது.

மூன்று நிமிஷம்! அந்த ரூடி வாலசெக் பயலுக்கு! நாடகக் கொட்டகையில் க்ளெம் வசனம் பேசிய நாட்களில், திரை இழுத்துக்கொண்டிருந்தவன் அவன். இன்று போஸ்டரில் அவன் முகம் மட்டும். டெல்லா கூட... போன வருஷம் வரை க்ளெமின் பழைய காரில் வந்து இறங்கியவள், இப்போது ரூடியின் நீளமான காரில் இறங்குகிறாள்.

"என்னப்பா, செத்துட்டியா?" ரூடி வாலசெக் சிரித்தபடி வந்து முதுகில் தட்டினான். "நல்லா செத்தே! நான்தான் அந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்துட்டேன்."

க்ளெமும் சிரித்தான். பல் மட்டும் சிரித்தது.

மத்தியானம் ரூடியின் சாவு. புகை மூட்டத்தில் செங்கல் சுவரோரமாக நகர்ந்து வந்து, கடைசி வசனத்தைச் சொல்ல வேண்டும். உடனே மெஷின் கன் வெடிக்கும். அவன் தலைக்கு இரண்டு அடி தள்ளிச் சுவர் சிதறும்.

சிதறுவது நிஜச் சுவர். சுடுவது நிஜத் தோட்டா! வெற்றுத் தோட்டாவுக்குச் செங்கல் பெயராது என்பதால், யுத்தத்துக்குப் போய் வந்த சார்ஜென்ட் புல்லர்டைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்.

"புகையில எப்படிக் குறி பார்ப்பீங்க சார்ஜென்ட்?" க்ளெம் சாதாரணமாகக் கேட்டான்.

"பார்க்க மாட்டேன்." புல்லர்ட் துப்பாக்கியின் இரும்புத் தாங்கியில் திருகை இறுக்கினார். "முன்னாலேயே குறி வச்சுப் பூட்டிடுவேன். புகை வந்தப்புறம் விசையை அழுத்தறதுதான் வேலை."

"ஒரு விரற்கடை நகர்ந்தா?"

"சுவத்துல ரெண்டு அடி நகரும். ஏன், வேலை கத்துக்கப் போறியா?"

"சும்மாதான் சார்ஜென்ட்!"

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் சாண்ட்விச் வரிசைக்கு ஓடினார்கள்.

க்ளெம் ஓடவில்லை.

திருகைத் தளர்த்தினான். துப்பாக்கிக் குழாயை ஒரு விரற்கடை நகர்த்தினான். மீண்டும் இறுக்கினான்.

முடிந்தது!

விபத்து என்பார்கள். ஒரு வாரம் அழுவார்கள். அடுத்த படத்தில் அந்தப் புதுக் கோட்டு யாருக்கு? முதல் ரீலிலிருந்து எட்டாவது ரீல் வரை வசனம் தெரிந்தவன் வேறு யார் இருக்கிறான்?

ஒன்றரை மணி. விளக்குகள் எரிந்தன. ரூடி சுவரோரம் போய் நின்றான்.

ட்ரிங்... ட்ரிங்...!

செட் மூலையிலிருந்த டெலிபோனை ஆஸ்ட்ராண்டர் எடுத்தார்.

"சொல்லுங்க முதலாளி... என்னது?... சென்சாரா?... சரி... சரி..."

வைத்தார். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்! ஹீரோ வீரமா செத்தா வாண்டுப் பசங்க கெட்டுப் போயிடுவாங்களாம். ரூடி கையைத் தூக்கிட்டுச் சரணடையணும். சுவரோரம் சாகறது சிநேகிதன். காலையில எடுத்ததைத் தூக்கிப் போடு! க்ளெம், மூணு நிமிஷமும் உனக்கு!"

க்ளெமுக்குக் காது அடைத்தது.

"என் சாவை இவனுக்கா?" ரூடி அலறினான். "முடியாது! பத்து நாளா கண்ணாடி முன்னால செத்துப் பழகியிருக்கேன். அந்தச் சாவு எனக்கு!"

"ஆமா சார், அவனுக்கே குடுங்க!" க்ளெம் முந்திக்கொண்டான்.

செட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ரூடிதானே ஹீரோ? நமக்கு எதுக்கு சார் அவ்வளவு பெரிய சாவு? நாலு செகண்டே தாராளம்!"

ரூடியின் கண் கலங்கிவிட்டது. "க்ளெம்... உன்னை என்னமோன்னு நினைச்சேன்டா!"

"பேச்சை நிறுத்து!" ஆஸ்ட்ராண்டர் க்ளெமின் தோளைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்தினார். "மைக் உன் தலைக்கு மேல தொங்குது. ஒரு அடி நகர்ந்தாலும் குரல் விழாது. ஆணி அடிச்ச மாதிரி நில்லு!"

"சார், வயித்து வலி..."

"ரொம்ப நல்லது. அந்த முகத்தோடயே சாவு!"

"சார்ஜென்ட்!" க்ளெமின் குரல் கீச்சென்றது. "துப்பாக்கியை ஒரு தடவை சரி பார்த்துடுங்களேன்!"

"பிரான்ஸ்ல ரெண்டு வருஷம் சுட்டவன்டா நான். எனக்கே பாடமா?"

"கேமரா!"

புகை கிளம்பியது. ஒரு கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. துப்பாக்கி எந்த இடத்தை நோக்குகிறது என்பது மட்டும் க்ளெமுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் மூக்குக்கு நேராக!

"வசனம், க்ளெம்!"

"என்... என்னைப் பிடிக்க..."

இந்த வசனம் முடிந்தால் விசை!

"...என்னைப் பிடிக்க இந்த ஊர்ல..."

"முடி!"

"சுடாதீங்க!" க்ளெம் தரையில் விழுந்து தலையைக் கையால் மூடிக்கொண்டான். "சுடாதீங்க! துப்பாக்கி நகர்ந்திருக்கு! நான்தான் நகர்த்தினேன்! ரூடிக்காக நகர்த்தினேன்... எல்லாமே அவனுக்குத்தானே கிடைக்குது! படம் அவனுக்கு, டெல்லா அவனுக்கு, சாவு கூட அவனுக்கு! எனக்குப் பொறுக்கலை... பொறுக்கலை!"

அழுதான். மூக்கு ஒழுக அழுதான்.

வெடிச் சத்தம் வரவில்லை.

புகை மெல்லக் கலைந்தது. புல்லர்ட் வெளியே வந்தார். தோட்டா மாலை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கி காலி!

"சாப்பிட்டு வந்ததும் குழாய் வழியா ஒரு தடவை பார்ப்பேன்" என்றார் நிதானமாக. "சுவத்துக்குப் பதிலா ரூடி நிக்கற இடம் தெரிஞ்சுது. டைரக்டர்கிட்ட சொன்னேன்."

"செட்ல நாப்பது பேர்" என்றார் ஆஸ்ட்ராண்டர். "யார்னு எப்படிக் கண்டுபிடிக்க? அதான் மணி அடிக்கச் சொல்லி ஒரு போன். சென்சாரும் இல்லை, முதலாளியும் இல்லை."

"நா... நான்னு எப்படி...?"

"சந்தேகம்தான் இருந்துது. துப்பாக்கி நகர்ந்தா என்ன ஆகும்னு சாப்பாட்டுக்கு முன்னால சார்ஜென்ட்கிட்ட விசாரிச்சவன் நீதானே? மூணு நிமிஷச் சாவை வேண்டாம்னு சொல்ற நடிகன் இந்த ஊர்ல பொறந்திருக்கானா? ரூடியைப் பாரு, சரியான நடிகன்! சட்டையைக் கிழிச்சுக்கிட்டுக் கேட்டான். நீ நாலு செகண்ட் தாராளம்னே. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

சுவர் மறைவிலிருந்து போலீஸ் வேஷக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள்.

அதில் இரண்டு பேர் வேஷம் போடவில்லை.

க்ளெமின் கையில் விலங்கு விழுந்தது. நிஜ விலங்கு. கனமாக இருந்தது.

"சார்!" மைக் அறையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "குரல் அவ்வளவும் பதிவாயிருக்கு. அழுகை... ஐயோ, உள்ளே ரெண்டு பேர் தேம்பறாங்க சார்!"

ஆஸ்ட்ராண்டரின் முகம் மாறியது. கண் மின்னியது.

அதை ரூடியும் பார்த்தான்.

"சார்!" ரூடி பாய்ந்து வந்து அவர் கோட்டைப் பிடித்தான். "அந்த அழுகை எனக்கு வேணும்! நாளைக்கே எடுப்போம். நான் இதைவிட நல்லா அழுவேன் சார்!"

"உன்னால வராதுப்பா."

"வராதா? என்னைக் கொல்ல வந்தவன் என்னைவிட நல்லா நடிக்கிறதா? விடுவேனா!"

வாசல் வரை போன க்ளெம் நின்றான். திரும்பினான். ரூடியின் முகம் சிவந்து கோணியிருந்தது. பொறாமை! பச்சைப் பொறாமை! பதினோரு படமாக அவன் ஏங்கிய காட்சி.

"ஒரு நிமிஷம் சார்..." போலீஸ்காரரிடம் கெஞ்சினான். "அவன் முகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்."

"நட, நட!" போலீஸ்காரர் விலங்கை இழுத்தார். "உள்ளே போனதும் இந்த மிதப்பெல்லாம் வேண்டாம். அங்கே அத்தனை பேரும் ஒரிஜினல் ரவுடி... போட்டி ஜாஸ்தி!"