பித்தளை நாக்கு

கணப்புக்கு மேலே, வாசலைப் பார்த்து மாட்டியிருந்த துப்பாக்கியின் பித்தளை நாக்கு, நேற்று இருந்த இடத்தில் இல்லை. தூசி துடைக்கப் போன லொவீனாவின் கை பாதியில் நின்றுவிட்டது.

அது அவள் கொழுந்தன் ஏசாவின் துப்பாக்கி. ஒருமுறை நிரப்பினால் பதினாறு தோட்டா. அடியிலிருக்கும் நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் மறுபடி சுடும். எதிராளி ஒரு குண்டைத் திணித்து முடிப்பதற்குள் இவன் சுட்டுவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழலாம் என்று கென்டக்கி மாநிலம் முழுக்கப் பேச்சு. ஒரே ஒரு பிடிவாதம் அதற்கு. சுடச்சுட, குழலுக்கு அடியில் அந்த நாக்கு தோட்டாக்களைத் தள்ளிக்கொண்டு சுடுபவனை நோக்கி ஊர்ந்து வரும். தாங்கிய கையைத் தூக்கி வழிவிட வேண்டும். போர்க்களத்துப் பதற்றத்தில் ஏசா மறந்தான். நாக்கு அவன் கையில் முட்டியது. துப்பாக்கி நின்றது. அவனும் போனான்.

மீதித் தோட்டாக்களை யாரோ எடுத்துவிட, காலியாகத்தான் அது வீடு வந்தது. நாக்கு பின்கோடியில் கிடந்தது. ஆனால் அவள் கணவன் ஓரின், தம்பியின் சாவை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், ஒரு தோட்டா அளவு அது குழலின் வாய்ப்பக்கம் நகர்ந்தது. யாரோ நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் தோட்டாக்களைக் கொட்டிக் கிணற்றில் எறிந்தாள். விடிந்தால் ஈரம் சொட்டச்சொட்ட உள்ளேயே இருந்தன.

ஓரினிடம் சொன்னாள். "உனக்கும் அவன மாதிரியே கை நடுங்குதாடி?" என்று சிரித்தான். அன்றும் நகர்ந்தது.

இன்று அந்தி மழை. ஓரின் சாராயக் கடைக்குப் போயிருந்தான். நனைந்த கம்பளி நாற்றமும் கந்தகப் புகையும் அறையில் எங்கிருந்தோ வந்து கனத்தன. நாக்கு முன்கோடியைத் தொட்டிருந்தது. நிறைந்துவிட்டது.

வெளியே ஓரினின் குரல். பக்கத்துப் பண்ணைக்காரனோடு.

"பசு மடியப் புடிச்ச மாதிரி கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்யா என் தம்பி!"

நெம்புகோல் தானாகக் கீழே இறங்கியது.

லொவீனா பாய்ந்தாள். நாக்குக்குப் பின்னால் குழலை இறுக்கிப் பிடித்தாள், ஏசா பிடித்த மாதிரியே. பித்தளை உள்ளங்கையில் முட்டியது. நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது.

படியில் காலடி.

அவள் சுண்டுவிரலைக் குளிர்ந்த ஏதோ ஒன்று தொட்டது. பதமாகத் தூக்கியது. பிறகு அடுத்த விரலை. அதற்கடுத்ததை.

காதருகே, மரியாதையாக:

"கொஞ்சம் கைய எடுங்க, அண்ணி."

கதவு திறந்தது. சிரித்தபடியே ஓரின் நின்றான். விரிந்துவிட்ட அவள் விரல்களுக்கு அடியில், நாக்கு ஊர்ந்தது.