பிள்ளைமடுவத்தின் கடவுச்சொல்

பதுளையிலிருந்து வந்த பஸ் பெரகலச் சந்தியில் வீரசிங்கத்தை இறக்கிவிட்டபோது பகல் இரண்டு மணி. வெளிச்சம் என்னவோ பொழுது சாய்ந்ததுபோல் மங்கிக் கிடந்தது. 2010ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. ஆட்டோ தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, பழைய தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளைக் கடைத்தெருவில் நாலு வருடமாகக் கணினி திருத்துகிறவன் வீரசிங்கம். ஆபீஸ் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்று பெரிய கிளாக்கர் இராமையா கூப்பிட்டிருந்தார். சனிக்கிழமை என்பதால் அவர் அரை நாளோடு கிளம்பிப் போயிருந்தார். சாவியோடு காத்திருந்தவள் ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் ஜெயலெட்சுமி.

உள்ளே ஈர மண்ணின் வாசம் கனமாக நின்றது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"அழிச்சா இன்டர்நெட்டும் போயிருமாங்க சார்?" என்றாள். "அதுக்கு ஒரு பாஸ்வேர்ட் இருக்கே, அது யாருக்கும் தெரியாது. எம்மக நிஷாந்தினிதான் போட்டு வச்சா."

"மகளிட்டக் கேக்கலாமோ அக்கா?"

"அவ இல்லைங்க. போன வருசம் மண்ணு சரிஞ்சப்ப ஏழாம் லயத்து வீட்டு வரிசையோட போயிட்டா."

வீரசிங்கம் நாற்காலியை இழுத்துக் கணினிக்கு முன் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "யோசிக்காதேங்கோ. கணினிக்குள்ள அது பதிஞ்சிருக்கும். அழிக்க முதல் பென் டிரைவில எடுத்து வைச்சு, பிறகு திருப்பிப் போட்டுவிடுறன்."

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தான். சேமித்திருந்த வயரில்லா இணைப்புகள் மூன்று. மூன்றும் மூன்று கோப்புகளாகப் பென் டிரைவில் இறங்கின. கடவுச்சொற்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஆபீஸ் இணைப்புக்குத் தோட்டத்தின் பெயரும் ஒரு வருடமும். மேனேஜர் பங்களாவுக்கு வெறும் எண்கள். மூன்றாவது இணைப்பின் பெயர் பிள்ளைமடுவம்.

அதன் கடவுச்சொல் ஆங்கில எழுத்துகளில் இடைவெளியில்லாமல் இருந்தது. அவன் வாய்க்குள் கூட்டிப் படித்தான்.

அம்மா பூட்டத் தொறங்க.

"பிள்ளைமடுவம் எங்க இருக்கு அக்கா?"

"லயத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. வேலைக்குப் போறவுக புள்ளைகள விட்டுட்டுப் போற எடம். சாயங்காலத்துல எம்மக அங்க கம்ப்யூட்டர் சொல்லிக் குடுப்பா. அதும் மண்ணுக்குள்ளதான் கெடக்கு." அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அந்தப் பேர மட்டும் விட்றாதீங்க சார். அவ வச்சது."

அவன் தலையாட்டினான். கணினியை அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு மூன்று கோப்புகளையும் திருப்பி ஏற்றினான்.

திரையின் மூலையில் இணைப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி நிறைந்தன.

இணைந்தது ஆபீஸ் அல்ல.

பிள்ளைமடுவம்.

வீரசிங்கம் எழுந்து சன்னலைத் திறந்தான். கீழே பனிக்குள் செம்மண் சரிவு மட்டும் தெரிந்தது. கூரை இல்லை, கம்பம் இல்லை, மின்கம்பிகூட இல்லை. திரும்பி வந்து இணைப்பைத் துண்டித்தான். அவன் விரலை எடுக்குமுன் அது மறுபடி இணைந்தது.

மண் வாசம் இப்போது தொண்டைக்குள் இறங்கியது.

கடவுச்சொல்லை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தான். மாறியிருந்தது.

அம்மா மண்ணு வருது.

"என்னாங்க சார் எழுதியிருக்கு?" ஜெயலெட்சுமி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"வெறும் நம்பர் அக்கா."

"பூட்டத் தொறங்கன்னு இல்லையா?"

அவன் திரும்பவில்லை.

"மண்ணு சரிஞ்ச அன்னைக்கு நல்ல மழை," அவள் குரல் தாழ்ந்திருந்தது. "வெளிய போகாத, ஓடைப் பக்கமாப் போனா தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிரும்னு நிஷாந்தினிகிட்டச் சொன்னேன். கேக்க மாட்டேன்னா. அவள உள்ள விட்டு, வீட்ட வெளியில பூட்டிப் போட்டுட்டுக் கொழுந்து எடுக்கப் போனேன். காப்பாத்துறதா நெனச்சுத்தாங்க பூட்டுனேன்."

கணினியின் விசிறி நின்றது. அந்த அமைதியில் எங்கோ தகரத்தைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம்.

மறுபடியும்.

"தொறந்துட்டேன்னு எழுதுங்க சார்," என்று கிசுகிசுத்தாள்.

அவன் கோப்பைத் திறந்தான். பழைய சொல்லை அழித்து, தொறந்துட்டேன் என்று அடித்து, திருப்பி ஏற்றினான். கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தட்டும் சத்தம் நின்றது. விசிறி சுற்றத் தொடங்கியது. ஜெயலெட்சுமி முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

திங்கட்கிழமை காலை, பதுளையில் கடையைத் திறந்து உட்காரும்போதே இராமையா தொலைபேசியில் வந்துவிட்டார்.

"தம்பி, சனிக்கிழமை ஜெயலெட்சுமி ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா? அன்னையிலேருந்து ஆளக் காணோம். வீடு தொறந்தபடியே கெடக்கு. சரிவுப் பக்கம் எறங்குனதப் பார்த்ததா சொல்றாங்க. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவன் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டான். பென் டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகிப் பிள்ளைமடுவத்தின் கோப்பைத் திறந்தான். அவன் எழுதியது அதில் இல்லை.

அம்மா வந்துட்டாங்க.

பென் டிரைவைப் பிடுங்கி எறிந்தான். கடைக்கு வெளியே பஸ்கள் இரைந்தன, மரக்கறிக்காரர்கள் விலை கூவினார்கள். அந்தக் கோப்பை அவன் ஒருபோதும் ஏற்றாத மடிக்கணினியின் மூலையில், பிள்ளைமடுவம் என்ற பெயருக்கு எதிரே கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி நிறைந்தன.