உள்ள யாராவது இருக்கீங்களா?

பார்வையில்லாதவர்களுக்கும் அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்குமான நூலகம் அது. அங்கே ஒலிநூல்கள் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகளில் தபாலேறிப் போகும், தபாலேறித் திரும்பி வரும். பெட்டியின் முகப்பில் ஓர் அட்டை. ஒரு பக்கம் வாசகரின் முகவரி, திருப்பிச் செருகினால் நூலகத்தின் முகவரி. அட்டையைத் திருப்புவதும் பெட்டியை அடுக்குவதும்தான் வழங்கல் பிரிவின் வேலை. கேட்பதற்கு என்னவோ லேசுதான். செய்து பார்த்தால் இடுப்பு ஒடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமையும் அவள் வழக்கம்போல், பெட்டிகளை அடுக்கிவைக்கும் நிலவறைக்கு இறங்கினாள். அந்தப் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் எல்லோருக்கும் அவள் 'புதுசு'. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளாம். சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் பள்ளி வாசலில் மகள் காத்திருப்பாள். போன வாரம் இவள் தாமதமாகப் போனபோது, வெறிச்சோடிய வாசலில் அழுதழுது முகம் வீங்கி நின்றிருந்தது பிள்ளை. இன்றைக்கு எந்த அம்மாவுக்கும் முன்னால் போய் நிற்பதாக மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

நிலவறையின் இரும்பு அடுக்குகள் தண்டவாளத்தில் ஓடுபவை. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். முனையிலிருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரே ஒரு சந்து திறக்கும். இன்னொன்றைத் திறக்க வேண்டுமானால் இதை மூடியாக வேண்டும்.

"லைட்டு எரியுதான்னு பார்த்துச் சுத்தாதே" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் மேலாளர் மேடம். "டேப்பண்ணன் லைட்டே போடமாட்டாரு. இருட்டா இருக்கேன்னு நீ பாட்டுக்குச் சுத்தினா மனுஷன் நசுங்கிடுவாரு. குரல் குடு. பதில் வருதான்னு கேளு. அப்புறம் சுத்து."

டேப்பண்ணன் திரும்பி வரும் ஒலிநூல்களைக் கேட்டுச் சரிபார்ப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆபீசுக்குக் கரண்ட் பில் மிச்சம் பிடித்துத் தருவதற்குத் தனக்கு விருது கொடுக்க வேண்டும் என்பார்.

கடைசித் தள்ளுவண்டியையும் காலி செய்துவிட்டால் கிளம்பிவிடலாம். கோடியில் ஒரு சந்து திறந்து கிடந்தது. சக்கரத்தில் கை வைத்துக் குரல் கொடுத்தாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்."

பெண் குரல். தூங்கி எழுந்தது போல் கரகரப்பு. மேடம்தான் ஏதோ தேடுகிறார் என்று நின்றாள். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். யாரும் தெரியவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. என்னடா இது வம்பு என்று உள்ளே நடந்தாள். சந்தின் மறுமுனை சுவர். அங்கே ஈரச்சுண்ணாம்பு வாடையைத் தவிர ஒன்றுமில்லை.

விளக்கு அணைந்தது.

வெளியே செருப்புச் சத்தம். "உள்ள யாராவது இருக்கீங்களா?" மேடம்தான்!

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

"யாரும் இல்ல மேடம். நான் வெளிய, அந்தப் பக்கம்தான் இருக்கேன். நீங்க சுத்துங்க."

அது அவள் குரல். அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

அடுக்கு நகர்ந்தது. அவள் பாய்ந்தாள், சந்து அதற்குள் குறுகிவிட்டது. கைக்கு எட்டிய பெட்டிகளையெல்லாம் இழுத்துத் தரையில் தள்ளினாள். அடுக்கு அவள் மார்பைத் தொடும் நேரத்தில் பெட்டிகள் குறுக்கே சிக்கி நின்றன.

"பழைய சாமான், கடகடங்குது, இதுக்கு மேல போகாது" என்று அலுத்துக்கொண்டார் மேடம். "சரி, புதுசு, நான் கிளம்பறேன். சாவி டேப்பண்ணன்கிட்ட இருக்கு."

"சரிங்க மேடம்" என்றது அது.

படியேறும் சத்தம் தேய்ந்தது. முன்னாலும் பின்னாலும் இரும்பு. மூச்சை முழுதாக இழுக்கக்கூட இடமில்லை. மகள் இந்நேரம் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

இருட்டில், தோளுக்கருகே, அது பேசிப் பார்க்க ஆரம்பித்தது.

"பாப்பா."

சரியாக வரவில்லை. மறுபடியும், கொஞ்சம் இழுத்து.

"பாப்பா... தங்கம்... அம்மா வந்துட்டேன் பாரு."

இப்போது சரியாக வந்தது. தினமும் பள்ளி வாசலில் அவள் கூப்பிடுவது போலவே.

அவளுக்கு வெறி பிடித்தது. விரலிடுக்கில் கிடைத்த பெட்டியைப் பிடித்து அடுக்கில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நகம் பிய்ந்ததுகூடத் தெரியவில்லை.

"யாரு அது, உள்ள?" டேப்பண்ணன்!

"யாரும் இல்லண்ணா. நான் வெளியதான் நிக்கிறேன். நீங்க நல்லா அழுத்திச் சுத்துங்க."

சக்கரம் சுழலவில்லை.

"வெளிய நிக்கிறவ குரல் எப்படிம்மா அடுக்குக்குள்ளேர்ந்து வருது?" என்றார் டேப்பண்ணன். "சிக்கிட்டு முழிக்கிறியா? ஆபீசுல சொன்னா மானம் போயிடும்னு மறைக்கிறியாக்கும். இரு, இரு."

சக்கரம் மறுபக்கம் சுழன்றது. மார்பிலிருந்து இரும்பு விலகியது. சிதறிய பெட்டிகள் மேல் விழுந்து புரண்டு, தவழ்ந்து வெளியே வந்தாள். மேல்வாசல் வெளிச்சம் படிக்கட்டில் இறங்கிக் கிடந்தது. உயிர் பிழைத்தாயிற்று. அண்ணன் காலில் விழலாம் போலிருந்தது. வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்ண்ணா."

படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது. படியில் யாருமில்லை.

"நான் கிளம்பறேன். பாப்பா காத்துட்டிருப்பா."

"ஓடும்மா, ஓடு. பிள்ளையை அழ விடாதே" என்று படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார் டேப்பண்ணன். செருப்புச் சத்தம் சரசரவென்று மேலேறியது.

அவள் தாவி அவர் கையைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. கையை உதறி, முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கினார்.

"யாரு?" என்றார். பிறகு, "யாருங்க நீங்க?"