வெட்டிப் பாக்கக் கொண்டுவந்த வேம்பு

“தம்பி, இந்தக் குத்தி ஏன் சுடுது?”

நௌபர் நானா மரக்குத்தியில வச்ச கைய எடுத்து சாரத்தில துடைச்சார். சிந்துஜனும் தொட்டுப் பாத்தான். ஓம், சுட்டுது. காலமையில இருந்து மழை மூட்டம், லொறியில படங்கு போட்டு மூடித்தான் குறிஞ்சாக்கேணியில, களப்புத் தண்ணிக் கரையில இருக்கிற நானாட கொட்டிலுக்கு ஏத்திக்கொண்டு வந்தவன். வெயில் சூடு இல்ல இது. படுத்திருக்கிற ஆளின்ர முதுகில கை வச்சமாதிரி.

“பச்சை மரம்தானே நானா.”

“பச்சை மரம் குளிரும் தம்பி. சரி விடுங்க. புது மெஷினா பழசா, புதுசா பழசா எண்டு என்ர உயிர எடுத்தீங்க, அதுக்குள்ள ஒரு பிள்ளையே பொறந்து நடந்திருக்கும். இண்டைக்காவது வெட்டிப் பாத்து முடிவச் சொல்லுங்க. நான் அஸர் தொழுதிட்டு ஓடி வாறன்.”

சைக்கிள எடுத்தார், போயிட்டார்.

துறைமுகத்தில கிளாக்கா இருக்கிற சிந்துஜனுக்கு மரம் அரியிற சின்ன மெஷின் ஒண்டில அப்பிடியொரு பைத்தியம். சனி ஞாயிறில தானே பலகை அரிஞ்சு, தானே மேசை கதிரை செய்யோணும். கொழும்பில புதுசு கிடக்கு. புதுசெண்டா பெட்டியோட வரும், கண்ண மூடிக்கொண்டு வாங்கலாம். நானாட மெஷின் பழசு. பழச ஒரு குத்தி போட்டு அரிஞ்சு பாக்காம வாங்க ஏலாது. குத்திக்கு எங்க போறது?

பக்கத்து வளவு மதிவதனா அக்கா வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போகேக்க வீட்டுத் திறப்ப அவனிட்டத்தான் குடுத்தவ. கேற்றடி வேம்புக்குத் தண்ணி ஊத்தச் சொன்னவ. அவட தம்பி காணாமப் போன அண்டு கடைசியா நிண்டது அந்த வேம்புக்குக் கீழதானாம். அண்டையில இருந்து பின்னேரத் தேத்தண்ணிய அங்க இருந்துதான் குடிப்பா, பக்கத்தில ஆள் இருக்கிறமாதிரிக் கதைச்சுக் கதைச்சு.

நல்ல நேரான மரம். காத்துக்கு விழுந்திட்டுது எண்டு சொல்லலாம் எண்டு நினைச்சுத்தான் வெட்டினவன். வெட்டின நேரம் தொட்டு அவனுக்குச் சோறு இறங்கேல்ல.

எஞ்சின் கயித்த இழுத்தான். களப்புச் சேத்து மணமும் பெற்றோல் மணமும் ஒண்டாக் கலந்து, தகரக் கூரை கிடுகிடெண்டு அதிர, வாள் குத்திக்குள்ள மெல்ல நுழைஞ்சு போக, வேப்பந் தூள் ஈரமாப் பறந்து அவன்ர கழுத்தில சொண்டில ஒட்ட, அந்தச் சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம், ஆரோ பல்லக் கடிச்சுக்கொண்டு நோவப் பொறுக்கிறமாதிரி. பெயறிங் தேஞ்சிருக்கும் எண்டு நினைச்சான். பழசுதானே.

மேல் பலகையத் தூக்கினான். உள்ளுக்க ஒரு கறுத்த புள்ளி. கிளை முளைச்ச இடத்து முடிச்சு.

ஃபோன் அடிச்சுது. எஞ்சின நிப்பாட்டினான். மதிவதனா அக்கா.

“தம்பி, வேம்புக்குத் தண்ணி ஊத்தினீங்களோ?”

“ஓம் அக்கா. ஊத்தினனான்.”

“நீங்க நல்லாயிருக்கோணும். நாளைக்கு வந்திருவன். அது சரி, உங்களுக்குப் பக்கத்தில ஆர் அது முனகிறது? சுகமில்லையோ?”

எஞ்சின் நிண்டுதான் கிடந்திச்சு.

ஃபோன வச்சான். போயிருக்கலாம். அப்பிடியே போட்டிட்டுப் போயிருக்கலாம். ஆனா அது முடிச்சுத்தான் எண்டு கண்ணால பாக்காம அவனால போக ஏலாது.

திரும்பக் கயித்த இழுத்தான்.

ரெண்டாவது பலகை. புள்ளி நாலு. வரிசையா.

முடிச்சுத்தான். முடிச்சு.

மூண்டாவது. விரிச்ச கை. மேல நோக்கி. வாள் விரலுக்கு ஊடாத்தான் போயிருக்கு.

வேம்புத் தூள் சிவப்புத்தான். இவ்வளவு சிவப்பில்ல.

குனிஞ்சான். மிச்சக் குத்தியில, கைக்குக் கொஞ்சம் தள்ளி, மூண்டு கறை. நெத்தி. மூக்கு நுனி. நாடி. நாடிக்கு மேல ஒரு மெல்லிய கீறு, ஈரமா, திறக்கப் பாக்கிறமாதிரி. கண் இருக்க வேண்டிய இடத்தில இன்னும் வெறும் மரம்.

இன்னும் ஒரே ஒரு வெட்டு. கண் தெரியும். அதுக்கும் அவனத் தெரியும்.

அவன்ர கை கயித்திலதான் இருக்கு. சொல்லுங்க, நீங்களெண்டா இழுப்பீங்களோ?