டிராம்மேட்டில் மாட்டிய விளக்கு

மழையில் கிடந்த துணி காய்ந்திருந்தது. சாந்தம்மாள் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. அவள் தலையே சொட்டிக்கொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய குழந்தையின் பாவாடை மட்டும் இப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல் சுட்டது. கம்பியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வேறு. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் இருந்தாலும் அந்தக் கம்பிக்கு வராது.

அது பழைய டிராம் கம்பி. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கம்பெனி, மலையோடையில் மின்சாரம் எடுத்து, சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலை அடிவாரம் வரை இந்தத் தெரு வழியாக டிராம் விட்டது. இரண்டு மழைக்காலம்கூட முழுசாக ஓடவில்லை. ஓர் ஐப்பசியில் அணை உடைந்தது. மலைப்பக்கம் போன வண்டி ஆட்களோடு திரும்பவே இல்லை. கம்பெனி திவால். ஊரார் தண்டவாளத்தைப் பெயர்த்து வீட்டுக்கு உத்தரம் போட்டார்கள், கம்பியில் துணி காயப்போட்டார்கள். அந்த நாளில் டிராமை நிறுத்த வாசலில் விளக்குக் காட்டுவார்களாம். அதனால் மழைச் சாயங்காலத்தில் டிராம்மேட்டுக்காரர் யாரும் வாசலுக்கு விளக்குக் கொண்டுவருவதில்லை. கலசப்பாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சாந்தம்மாளுக்கு அதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

இன்று சிரிக்கத் தெம்பில்லை. உள்ளே ஐந்து வயது அம்சவல்லி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகைக் கார் பிடிக்கச் சந்தவாசல் போன புருஷன் ராஜேந்திரனை இன்னும் காணோம். கார்க்காரனை மட்டும் முன்னால் அனுப்பியிருந்து, இருட்டில் அவன் வீடு தெரியாமல் தாண்டிப் போய்விட்டால்? உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்து கால் ஓய்ந்ததும், அரிக்கேன் விளக்கை ஏற்றி வாசல் ஆணியில் மாட்டினாள்.

“ஏ சாந்தா! இன்னா காரியம் பண்ற? வெளக்க உள்ள எடு!” எதிர்வீட்டு மதலேனாள் கதவிடுக்கிலிருந்து கத்தினாள்.

“எம் பொண்ணு நெருப்பா கொதிக்கிது. கார்க்காரன் வூடு தெரியாம போய்ட்டா நீங்களா தூக்கிக்கினு ஓடுவீங்க? போங்கக்கா!”

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. அதற்குப் பின்னால் ஜெபமாலை முணுமுணுப்பு.

சாந்தம்மாள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஈரமண்ணும் சாணமும் மணத்துக்கொண்டிருந்த தெருவில், வெல்டிங் பட்டறையைக் கடக்கும்போது மூக்கில் ஏறுமே அந்த எரிச்சல் நெடி, எங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாக வந்து மழைவாசனையை மூடிக்கொண்டது. கம்பி இன்னும் உரக்க ரீங்கரித்தது. தெருக்கோடியில் வெளிச்சம். அப்பாடா, வண்டி!

இரும்பின்மேல் இரும்பு அரைபடும் சத்தம். தெருவில் சேறுதான் இருந்தது. இரும்பு இல்லை.

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. மஞ்சள் வெளிச்சம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டிப் படியில் ராஜேந்திரன். போட்டுக்கொண்டு போன அதே நீலச் சட்டை. நனைந்து ஒட்டியிருந்தது.

“வண்டி கெடச்சிடுச்சி சாந்தா. கொழந்தைய குடு. நீ ஏறு.”

அவனுக்குப் பின்னால் ஆட்கள். வரிசையாக உட்கார்ந்து. எல்லோரும் தலை குனிந்து. மடியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

யாராக இருந்தால் என்ன, வண்டி வந்துவிட்டது. குழந்தையை நீட்டினாள். வாங்கிய விரல்கள் சில்லென்று இருந்தன. மழையில் நனைந்த கை, வேறென்ன? புடவையைத் தூக்கிக்கொண்டு படியில் காலை வைத்தாள்.

கால் சேற்றில் இறங்கியது.

வண்டி மணி இரண்டு முறை அடித்தது.

“யோவ்! நில்லுய்யா!” விழுந்து எழுந்தாள். வண்டி இல்லை. இருட்டு. மழை.

முதுகுக்குப் பின்னால் ஹாரன். அம்பாசிடர் கார் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. கதவைத் திறந்து ஒருவன் குதித்தான். நீலச் சட்டை.

“ஆத்துல தண்ணி சாந்தா, படவேடு சுத்திக்கினு வர்றேன். சீக்கிரம். கொழந்த எங்க?”

அவள் கையைத் தூக்கி மலையைக் காட்டினாள். பாதையே இல்லாத செங்குத்துச் சரிவில், கரிய மரங்களுக்கு நடுவே, வெளிச்சமான ஒரு ஜன்னல் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியை உள்ளிருந்து ஒரு சின்ன உள்ளங்கை தட்டிக்கொண்டே இருந்தது.